ஊசி எத்தனை சுற்று?

பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் பட்டறை. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு ஷாஹினா என்ற பெண் வந்திருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"ஏனுங்க்கா, டெஸ்ட் சீட்டுல எல்லாத்தையும் அச்சடிச்சிருக்குது. ஊசி எத்தனை சுத்துங்கற எடம் மட்டும் வெறும் புள்ளியாக் கெடக்குதே? வாங்கறவங்க கேக்கறாங்க. நான் மீட்டர் வெச்சுப் பாத்து நம்பரை எழுதிறட்டுங்களா?"

"எழுதாதே" என்றேன். சொன்ன வேகத்தில் அவள் பயந்துவிட்டாள். அப்புறம் நிதானமாகக் காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "மீதிய எழுதி அனுப்புங்க்கா, இங்க எல்லாரும் படிக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாதிரி விமானங்களுக்கான சின்ன எஞ்சின்கள்தான் எங்கள் தயாரிப்பு. உள்ளங்கையில் அடங்கும். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும். மோட்டார் சைக்கிள் பிளக்போல இதில் பொறி பறக்காது. பிளக்குக்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பேட்டரி கொடுத்து அதைப் பழுக்க வைத்து, முன்னால் இருக்கிற புரொப்பெல்லர் விசிறியைத் தட்டிவிட வேண்டும். எஞ்சின் பிடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். ஓடுகிற சூட்டிலேயே கம்பி கனன்றுகொண்டிருக்கும். காற்று நுழைகிற வாயில் குறுக்கே ஒரு பித்தளைக் குழல், அந்தக் குழலுக்குள் ஒரு ஊசி. ஊசியைத் திறந்தால் எரிபொருள் அதிகமாகப் போகும், மூடினால் குறையும். முழுசாக மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்பதுதான் அதன் கணக்கு. காற்றுக்கும் எரிபொருளுக்கும் அளவு பொருந்துகிற இடத்தை அந்த ஊசியில் கண்டுபிடிப்பதுதான் முப்பத்தோரு வருடம் நான் பார்த்த வேலை.

வடகரப்பதியிலிருந்து தினம் பஸ்ஸில் வருவேன். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடியெல்லாம் கருகிய விளக்கெண்ணெய் வாசம். எங்கே இறங்குவேன் என்று கண்டக்டர் கேட்டதே இல்லை. வாசத்தை வைத்தே டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். முதல் மூன்று வருடம் துளை போடுவது, பிஸ்டன் தேய்ப்பது என்று உள்வேலைகளில் போயிற்று. அப்போது, எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்க்கிற சோதனைப் பலகையில் இருந்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தவர் பட்டறையின் முதலாளி காதர் ராவுத்தர். பாலக்காடு டவுனில் அவர் குடும்பத்துக்கு இரும்புக்கடை இருந்தது. கடையில் உட்காரப் பிடிக்காமல் கோயமுத்தூரில் லேத் வேலை கற்றுக்கொண்டு வந்து, தோப்புக்குள் கொட்டகை போட்டவர்.

"வெளிய ஓடற எஞ்சின் நிக்கறதுக்கு முன்னாலயே நீ தலையத் தூக்கிப் பாக்கறே. நானும் ஒரு வாரமாக் கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன். உனக்கெப்படித் தெரியுது அம்மிணி?" என்று கேட்டார்.

"சத்தம் மாறுதுங்ணா."

"நாளையில இருந்து அங்க உக்காரு."

ராவுத்தர் எஞ்சினைத் தொடும் விதத்தை எழுதாமல் இந்தக் கட்டுரையைத் தாண்ட முடியாது. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். அப்புறம் மோதிரம். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொள்வார். சுற்றுகிற விசிறிக்கு முன்னாலோ பக்கத்திலோ நிற்கவே மாட்டார். பின்பக்கமாகப் போய்த்தான் ஊசியைப் பிடிப்பார். ஊசித் தலையில் பல் வெட்டியிருக்கும், ஒரு பல் நகர்ந்தால் 'கிளிக்' என்று விரலுக்குத் தெரியும். ஒரு கிளிக் திருப்புவார். கையை எடுத்துவிடுவார். உதடு அசைய ஐந்து எண்ணுவார். அடுத்த கிளிக் அதற்கப்புறம்தான். "நீ சொன்னது அதுக்குக் கேக்க வேண்டாமா? நேரம் குடு" என்பார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசுவார்.

பலகையில் உட்கார்ந்த இரண்டாம் வாரம் நான் ஒரு எஞ்சினைக் கொன்றேன். ஊசியை மூட மூடச் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போனது. குடகுடவென்று ஈரமாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரே இழையாக வீறிட ஆரம்பித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் இரண்டு கிளிக் மூடினேன். வீறல் உச்சிக்குப் போய், தளர்ந்து, நின்றுவிட்டது. விசிறியைக் கையால் நகர்த்தக்கூட முடியவில்லை.

ராவுத்தர் வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். "நல்லாப் பாடுச்சு, இல்ல?" என்றார். ஆறின பிறகு என்னையே பிரிக்கச் சொன்னார். பிஸ்டனில் நகத்தால் கீறினதுபோல நீளநீளமாகக் கோடுகள். எண்ணெயும் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது. அதை நான் குறைத்துவிட்டதால் உலோகமும் உலோகமும் உரசியிருக்கின்றன.

"அது பாட்டில்ல அம்மிணி. தொண்ட காஞ்சு கத்தியிருக்குது. உச்சத்தக் கண்டுபுடி, தப்பில்ல. கண்டுபுடிச்சதும் ரெண்டு மூணு கிளிக் தொறந்து விட்டுரு."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன். உச்சத்தைத் தொடுவது, சத்தம் லேசாக இளகும்வரை திறப்பது, எரிபொருள் குழாயை இரண்டு விரலால் ஒரு நொடி அமுக்கிப் பார்ப்பது. அமுக்கினதும் வேகம் ஒரு துளி ஏறிவிட்டு இறங்கினால் அளவு சரி. ஏறாமல் நேராக இறங்கினால் எரிபொருள் போதவில்லை. பிறகு எஞ்சினைப் பலகையோடு செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துப் பத்து எண்ணுவேன். விமானம் மேலே ஏறும்போது அது மூச்சு முட்டி நிற்கக் கூடாது அல்லவா? காலை பத்து மணிக்கு இதெல்லாம் தொடங்கும். தோப்பில் தேங்காய் போடுகிறவர்கள் எங்கள் முதல் எஞ்சின் சத்தம் கேட்டதும் டீ குடிக்கக் கீழே இறங்குவார்கள்.

சோதனை முடிந்ததும் ஒரு சீட்டு எழுத வேண்டும். எஞ்சின் எண், பிளக் வகை, விசிறி அளவு, 'ஊசி: 2½ சுற்று', கீழே 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. உண்மையில் எந்த இரண்டு எஞ்சினும் ஒரே இடத்தில் வந்து நிற்காது. ஒன்று இரண்டேகாலில் நிற்கும், இன்னொன்று இரண்டேமுக்காலுக்குப் போகும். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றுக்கும் இரண்டரை என்றே எழுதினார். நானும் எழுதினேன். தொடக்கத்தில் ஒருமுறை ராவுத்தரிடம் கேட்டதுண்டு. "ரெண்டரைன்னே போடு. வாங்கறவங்க நாலு கிளிக் அங்கயும் இங்கயும் திருப்பிக்குவாங்க" என்றார். அப்போது எங்களிடம் வாங்கியவர்கள் பெரும்பாலும் கல்லூரிகளும் பழகிய கைகளும்தான். அவர்கள் திருப்பிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் ஒரு புகாரும் வரவில்லை.

பத்தாவது வருடம், மழை ஓய்ந்த மார்கழியில், குமுளிப் பக்கத்து மலையூரான ஆனைக்கரையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குழந்தை எழுதியதுபோலப் பெரிய பெரிய கோணல் எழுத்துகள்.

'உங்கள் சீட்டில் எழுதியிருந்தபடியே செய்தேன். ஊசி இரண்டரைச் சுற்று. எஞ்சின் பின்பக்கமாக உதைத்து விசிறி என் வலது கையை வெட்டிவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள். இதை இடது கையால் எழுதுகிறேன். எஞ்சினில் என்ன குறை என்று மட்டும் தெரியப்படுத்தவும். முத்துப்பாண்டி.'

உறைக்குள் என் சீட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. எண்ணெயா ரத்தமா என்று தெரியவில்லை.

ராவுத்தர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். எஞ்சின் எதுவும் எதிரில் இல்லாமல் அவர் அப்படிச் செய்து அன்றுதான் பார்த்தேன்.

"கையெழுத்து உன்னோடது அம்மிணி. நீதான் போகோணும். எஞ்சின் தப்பா, ஆளு தப்பா, பாத்துட்டு வா."

இரண்டரை என்று போடச் சொன்ன ராவுத்தரே இப்படிச் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிக் குமுளிக்குப் போகிற வழி முழுவதும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். மெத்தனாலைப் பஸ்ஸில் கொண்டு போக முடியாது. ஸ்பேனர், புது பிளக் நான்கு, புதுக் குழாய் ஒரு முழம், இவைதான் என் பையில் இருந்தன. கடிதம் எழுதிய அந்த ஆள் எதையோ தப்பாகச் செய்திருக்க வேண்டும், அதைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டு வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

முத்துப்பாண்டிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார் யாராவது வருவாகன்னு நெனச்சேன். உக்காருங்கக்கா."

அவர் மனைவி பேச்சியம்மாள் உட்காரச் சொல்லவில்லை. என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானா?"

"நானேதானுங்க."

"ஒங்க கை நல்லாத்தான இருக்கு?"

"அவ கெடக்கா, நீங்க காப்பியக் குடிங்க" என்று முத்துப்பாண்டி பேச்சை மாற்றினார். காப்பியைக் குடித்தபடி நடந்ததைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானம். பேட்டரி இருக்கும்வரை எஞ்சின் ஓடும்; கழற்றினால் அணைந்துவிடும். எரிபொருள் போதவில்லை என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் காற்று நுழைகிற வாயில் நாலு சொட்டு விட்டிருக்கிறார். சீட்டில் எண் போட்டிருந்ததால் ஊசியைத் தொடவே இல்லை. "கம்பெனிக்காரங்க பாத்துத்தான போட்டிருப்பாங்க?" என்றார். கடைசியில் உள்ளே எரிபொருள் தேங்கி விசிறி இறுகிக்கொண்டது. விரலைக் கொடுத்துப் பலமாகத் தள்ளியிருக்கிறார். உதைத்துவிட்டது.

மறுநாள் காலை மூவரும் மைதானத்துக்குப் போனோம். புல்லெல்லாம் ஈரம், பனி இன்னும் விலகவில்லை. ஒரு பழைய பெஞ்சின் ஓரத்தில் எஞ்சினை முறுக்கினேன். உள்ளே தேங்கியிருந்ததை வடித்தேன், பிளக்கை மாற்றினேன், குழாயை மாற்றினேன். அவர் வைத்திருந்த உடைக்காத டின்னைத் திறந்து புது எரிபொருள் ஊற்றினேன். ஊசியை முழுசாக மூடி, என் சீட்டில் இருந்தபடி இரண்டரைச் சுற்றுத் திறந்தேன். பேட்டரியை மாட்டி விசிறியில் விரலை வைக்கப் போனபோது பேச்சியம்மாள் "இருங்க" என்றாள்.

வீடு மைதானத்துக்கு அடுத்தாற்போலத்தான். ஓடிப் போய் ஒரு மரக்கரண்டியும், கிழிந்த சைக்கிள் டியூபில் ஒரு துண்டும் எடுத்து வந்தாள். கரண்டிக் காம்பில் டியூபை இறுக்கிச் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"வெரல வைக்காதீங்க. இத வச்சுத் தட்டுங்க."

தட்டினேன். எஞ்சின் பிடித்தது. குடகுடவென்று, நான் பெருமாட்டியில் கேட்டே இராத கனத்த ஈரச் சத்தம். புகை போகும் வழியில் எண்ணெய் சொட்டியது. பேட்டரியைக் கழற்றினேன். அணைந்தது. இன்னொரு தடவை. அணைந்தது. மூன்றாம் தடவையும் ஊசியைத் தொடாமலேதான் முயன்றேன். என் எண் சரியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்.

"இப்படித்தான்க்கா அணைஞ்சிச்சு. எனக்குப் பதினோரு தடவ" என்றார் முத்துப்பாண்டி.

நான்காம் தடவை பின்பக்கம் போய் ஊசியைப் பிடித்தேன். ஒரு கிளிக் மூடி ஐந்து எண்ணினேன். மறுபடி ஒன்று. மூட மூடச் சத்தம் தெளிந்துகொண்டே வந்தது. பேட்டரியைக் கழற்றினேன், ஓடியது. உச்சத்தைத் தொட்டுவிட்டு மூன்று கிளிக் திறந்தேன். குழாயை அமுக்கினேன், ஒரு துளி ஏறி இறங்கியது. நிறுத்திவிட்டு ஊசியை மூடிக்கொண்டே எண்ணினேன். ஒன்றேமுக்கால் சுற்றும் ஒரு கிளிக்கும்.

அந்த உயரத்தில் காற்று இலேசு. காற்று குறைந்தால் எரிபொருளும் குறைய வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. பெருமாட்டியிலேயே தைமாதக் கிழக்குக் காற்றுக்கும் ஆடி மழைக்கும் மூன்று கிளிக் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு அந்த எஞ்சின் எங்கள் பலகையிலேயே இரண்டேகாலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும். நான் எப்போதும்போல இரண்டரை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

"எஞ்சின்ல கொற இல்லீங்க" என்றேன். "நம்பர்தான் தப்பு."

"அப்ப சீட்டுல போட்டிருந்தது?"

"அது எல்லா எஞ்சினுக்கும் அப்படித்தானுங்க போடுவோம்."

என் வேலைக் காலத்தில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே கஷ்டமானது அதுதான். முத்துப்பாண்டி பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"வெரல வச்சது நான்தான" என்றார். பிறகு, "ஓடுதுல்லா? ஒரு தடவ பறக்க விட்டுப் பாப்பமா?"

அவருடையது கம்பி பிடித்துப் பறக்க விடுகிற விமானம். பறக்க விடுகிறவர் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். இரண்டு நீளக் கம்பிகளின் முனையில் விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். கைப்பிடியை இடது கையில் வாங்கிக்கொண்டார். நான் எஞ்சினைக் கிளப்பி, விமானத்தைப் பிடித்திருந்து, அவர் தலையசைத்ததும் விட்டேன். புல்லில் ஓடி எழும்பியது. ஒரு வட்டம். இரண்டு. மூன்றாவது வட்டத்தில் பழகாத இடது கை தடுமாறி, மூக்கு கீழே குத்தி, விசிறி இரண்டாக உடைந்தது.

"மூணு வட்டம்" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே, "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

பெருமாட்டிக்குத் திரும்பி எல்லாவற்றையும் ராவுத்தரிடம் சொன்னேன். என் கோபத்தையும் மறைக்கவில்லை. அவர் எழுந்து கொட்டகையின் பின்சுவருக்குப் போய், அலமாரியை நகர்த்தினார். சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் '2½' என்று எழுதியிருந்தது.

"மொதல் எஞ்சின் ஓடுன அன்னிக்கு எழுதுனது. நல்லாக் காஞ்ச கெழக்குக் காத்து அன்னிக்கு. அப்புறம் யாரும் எண்ணிப் பாக்கவே இல்ல. நானும் பாக்கல." பிறகு சொன்னார்: "கையெழுத்து உன்னோடது. நம்பரு என்னோடது. உன்னைய அனுப்பியிருக்கக் கூடாது அம்மிணி."

அடுத்த வாரம் முட்டி வலியோடு அவரே ஆனைக்கரைக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. பின்னால் முத்துப்பாண்டிதான் சொன்னார். "ஒண்ணுமே பேசல. என் கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. இந்த வெரல மெதுவா மடக்கிப் பாத்தாரு." அந்த ஆள்காட்டி விரல் அதற்கப்புறம் முழுசாக மடங்கவே இல்லை.

பழைய சீட்டுகளை அடுப்பில் போட்டோம். புதுச் சீட்டில் ஊசிக்கு எதிரே புள்ளிக்கோடு மட்டும். அதன் கீழே, உச்சத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, குழாயை அமுக்கிப் பார்ப்பது எப்படி என்று எட்டு வரி. கடைசி வரியை ராவுத்தர் சொல்லி நான் எழுதினேன்: 'உங்கள் ஊரில் நீங்களே கேட்டு இங்கே எழுதிக்கொள்ளவும்.' ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ரப்பர் சுற்றிய ஒரு மரக்கோலும் வைக்கத் தொடங்கினோம். எண் இல்லாத சீட்டை விற்பனையாளர்கள் ஏற்கவில்லை. இரண்டு பேர் எங்களிடம் வாங்குவதையே நிறுத்திக்கொண்டார்கள். ராவுத்தர் மாற்றவில்லை. ஷாஹினா, அந்தப் புள்ளிக்கோடு வாங்குகிறவருக்கு உரியது. நாம் அதில் எழுதக் கூடாது.

அதற்குப் பிறகு நாங்கள் புதிதாக எந்த எஞ்சின் செய்தாலும் ஒன்றை முதலில் ஆனைக்கரைக்கு அனுப்பினோம். முத்துப்பாண்டி ஓட்டிப் பார்த்துத் தபாலில் எழுதுவார். அதற்குள் கடிதத்தில் எழுத்து நேராகிவிட்டது. வலது கையா இடது கையா என்று நான் கேட்டதில்லை. பேச்சியம்மாள் வருடத்துக்கு ஒருமுறை ஏலக்காய் அனுப்புவாள். ராவுத்தர் காலமானபோது இருவரும் மலையிலிருந்து இறங்கி வந்து, மையத்து எடுக்கும்வரை வாசலில் நின்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது முத்துப்பாண்டி போன் செய்தார். அவரும் இப்போது வேலையில் இல்லை. நர்சாக இருக்கிற மகள் லீவில் வந்திருக்கிறாளாம், பழைய விமானத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கிறார்களாம்.

"அக்கா, கேட்டுச் சொல்லுங்க" என்று போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டேன். லேசாகக் குழைந்த ஓட்டம். "ரெண்டு கிளிக் மூடுங்க" என்றேன். "பொறுங்க." சத்தம் ஒரு படி ஏறியது. அவர் எண்ணுகிறார் என்று தெரிந்தது. இன்னொரு படி.

"போதுமுங்க. விடுங்க."

போனை அப்படியே புல்லில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. மகள் ஏதோ சொல்வதும், எஞ்சின் வீறிட்டு விலகுவதும் கேட்டன. சத்தம் தூரப் போய்க் கிட்ட வந்தது, மறுபடியும் தூரப் போய்க் கிட்ட வந்தது. கரண்டியைப் பிடித்தபடி நின்று ஒவ்வொரு வட்டமாக எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது. எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றதும் மைதானத்துக் காற்று மட்டும் கேட்டது. பிறகு, வெகு தூரத்தில், பேச்சியம்மாளின் குரல்: "எறங்கிருச்சா? ஒடையாமத்தான எறங்குச்சு?"